நுளம்பின் மர்மந் துலக்கிய சேர் றொனால்ட் றொஸ்

மன்னர்களின் வாளுக்கு இரையானோரின் தொகையைச் சரித்திர ஆசிரியர்கள் ஏட்டிலே எழுதி வைத்துள்ளனர். ஆனால் ஒரு சிறு நுளம்பின் ஊசிக்கு இரையானோரின் தொகையை எவரும் எழுதி முடித்தாரில்லை. படை நடத்திச் சென்ற வேந்தனும், ஏர் பூட்டிச் சென்ற உழவனும், தொட்டிலிற் கிடந்த குழந்தையும் அதற்கு ஒன்றே. தம்மைக் கொல்வது நுளம்பு என்பதைக்கூட அறியாமல் மனிதர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மாண்டனர். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே குளிர் காய்ச்சலை உண்டாக்குகின்றது என்று கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே நம்பினர். மலேரியா என்னும் பெயரே இத்தாலிய மொழியிற் கெட்ட காற்று என்று பொருள்படுவது.

இந்த நெடுங்கால மயக்கத்தை 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 20ஆம் நாள் இந்திய மண்ணிலே ஒருவர் கலைத்தார். அவரே சேர் றொனால்ட் றொஸ். அவருடைய வாழ்க்கையை இம்மலரைப் படிப்போர் முன் வைக்க விழைகின்றோம். அவர் குறையேதுமில்லாத மகான் அல்லர். சினமும் புகழாசையும் மிக்கவர். எனினும் அவர் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றுண்டு. உண்மையைக் கண்டுபிடித்தல் ஒருவருடைய ஒரு நாட் செயலாக இருத்தல் கூடும். அவ்வுண்மையைக் காத்துப் பயன் கொள்ளுதலோ எல்லோரும் எந்நாளும் செய்ய வேண்டிய தொண்டாகும். இவ்விரண்டாவது பகுதியை மறந்த நாடுகள் என்ன விலை கொடுத்தன என்பதற்கு நமது ஈழநாடே சான்று.

இளமைப் பருவம்

இமயமலை அடிவாரத்திலுள்ள அல்மோறா என்னும் ஊரிலே 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் றொஸ் பிறந்தார். மீரத் நகரில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தையார் இந்தியப் படையில் அதிகாரியாக இருந்து, பின்னர் தளபதியாக உயர்ந்தவர். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர் றொனால்ட். எட்டு வயதானபோது கல்வியின் பொருட்டுப் பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

அவருடைய உள்ளம் வைத்தியத்தை நாடவில்லை. கவிதை எழுதுவதிலும், சித்திரம் தீட்டுவதிலும், இசையிலும், கணிதத்திலும் அவருக்குப் பெருவிருப்பு. ஓவியராகவோ எழுத்தாளராகவோ வர வேண்டும் என்பதே அவருடைய கனவு. ஆனால் மகன் இந்திய வைத்திய சேவையிற் சேர வேண்டும் என்பது தந்தையின் முடிவு. தந்தை சொல்லைத் தட்ட இயலாது 1874இல் இலண்டன் புனித பார்தலோமியு வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். படிப்பிலே மனஞ் செல்லவில்லை. ஒரு பரீட்சையில் தேறி, மற்றொன்றிலே தவறினார். சிலகாலம் அத்திலாந்திக் கடலைக் கடக்கும் கப்பலொன்றில் வைத்தியராகப் பணிபுரிந்தார். மீண்டும் முயன்று தேறி, 1881இல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பெற்றோரின் விருப்பத்துக்காக வேண்டா வெறுப்புடன் ஒரு துறையிலே காலடி வைக்கும் மாணவர் இன்றும் நம்மிடையே பலர் உளர். அத்தகையோர் றொஸின் வாழ்வைச் சற்று ஊன்றிப் படிப்பாராக.

1883இல் அவர் பெங்களூரில் வேலை பார்த்தார். தங்கியிருந்த வீட்டில் நுளம்புத் தொல்லை பொறுக்க முடியாததாயிற்று. சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாவை எட்டிப் பார்த்தார். நீரிலே குடம்பிகள் நெளிந்து கொண்டிருந்தன. பீப்பாவைக் கவிழ்த்துவிட்டார், தொல்லை குறைந்தது. நீர் தேங்குமிடத்தை ஒழித்தால் நுளம்பு ஒழியும் என்னும் எளிய உண்மை அன்றே அவர் கண்ணிற் பட்டது. ஆனால் நுளம்புக்கும் காய்ச்சலுக்கும் தொடர்புண்டு என்பதை அறிய அவர் இன்னும் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பூச்சிகள் நோய் பரப்பும் வகை

இவ்விடத்தில், பூச்சிகள் மனிதருக்கு நோயை எவ்வாறு கொண்டு வருகின்றன என்பதைச் சற்று விளக்குதல் பொருந்தும். அது இருவகைப்படும். முதலாவது வெறும் சுமைகூலி வேலை. இலையான் மலத்திலும் அழுகற் பொருளிலும் இருந்துவிட்டு, அந்தக் கால்களோடு நமது சோற்றின் மீது வந்தமருகின்றது. உண்ணுமுன் தான் விழுங்கியதைச் சிறிது கக்கவும் செய்கின்றது. இவ்வாறு வயிற்றுளைவு, வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல் முதலியவற்றின் கிருமிகள் உணவிலே கலக்கின்றன. இலையானுக்குள்ளே அக்கிருமி வளர வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது வகையிற் பூச்சி வெறும் சுமைகூலியன்று. கிருமிக்கு அது வளர்ப்புத் தாய். நோயாளியின் குருதியோடு கிருமி பூச்சியின் உடலுட் சென்று, அங்கே வளர்ந்து அல்லது பெருகிப் பின்னரே மற்றொருவருக்குப் போகின்றது. எலித் தெள்ளின் வழியாகக் கொள்ளைநோயும், பேனின் வழியாக ரைபசுக் காய்ச்சலும், நுளம்பின் வழியாக யானைக்கால், மஞ்சட் காய்ச்சல், டெங்கு, மலேரியா ஆகியவையும் பரவுவது இவ்வகையிலேயே. இவற்றுள் யானைக்கால் நோயின் புழு நுளம்பினுள்ளே வளர்வதை 1877ஆம் ஆண்டளவில் சீன நாட்டிலே முதன்முதல் கண்டவர் பற்றிக் மான்சன் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர். மனித நோயொன்றின் கிருமி பூச்சியின் உடலில் வளருகின்றது என்பதற்கு அதுவே முதற் சான்று.

மலேரியாவுக்குக் காரணம் காற்றன்று, குருதியில் வாழும் ஓர் ஒட்டுண்ணியே என்பதைப் பிரெஞ்சு இராணுவ வைத்தியர் லவெரான் அல்ஜீரியாவிலே 1880இற் கண்டறிந்தார். ஆயினும் ஒருவர் குருதியிலிருந்து மற்றொருவர் குருதிக்கு அது எவ்வாறு போகின்றது என்பது எவருக்கும் விளங்கவில்லை. றொஸ் தொடக்கத்தில் லவெரானின் கூற்றையே நம்பவில்லை. 1894இல் விடுமுறையில் இலண்டன் சென்றபோது மான்சனைச் சந்தித்தார். நோயாளி ஒருவரின் ஒரு துளிக் குருதியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, லவெரான் கண்ட ஒட்டுண்ணியை மான்சன் அவருக்கு நேரிலே காட்டினார். ஐயம் நீங்கியது. நுளம்பே இந்த ஒட்டுண்ணியையும் சுமக்கின்றது போலும் என்ற தமது ஊகத்தையும் மான்சன் எடுத்துரைத்தார். முப்பத்தேழு வயதிலே, இதுவரை வழி தெரியாது அலைந்த றொஸுக்கு ஒரு குருவும் ஒரு குறிக்கோளும் ஒருங்கே கிடைத்தன.

செக்கந்தராபாத்தில் தவம்

1895இல் றொஸ் இந்தியாவுக்குத் திரும்பிச் செக்கந்தராபாத்தில் ஒரு படைப்பிரிவின் வைத்தியராக அமர்ந்தார். ஓய்வு நேரமெல்லாம் நுளம்பு அறுப்பதிலே கழிந்தது. மான்சனின் ஊகத்தில் ஒரு பிழையும் இருந்தது. நுளம்பு முட்டையிட்டபின் நீரில் விழுந்து மடிகின்றது, அந்நீரை அருந்துவோருக்கே நோய் வருகின்றது என்று அவர் எண்ணினார். அதனைச் சோதிப்பதற்காக, நுளம்பு மடிந்த நீரைக் கூலி பெற்ற சில இந்தியருக்குப் பருகக் கொடுத்தும் பார்த்தார் றொஸ். தெளிவான விடை கிடைக்கவில்லை. இத்தகைய சோதனையை இன்றைய வைத்திய நெறி ஒருபோதும் அனுமதியாது. அந்நாளிலே ஆளுவோனின் ஆராய்ச்சிக்கு ஆளப்படுவோனின் உடல் எளிதிற் கருவியாயிற்று என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது இடர் இன்னும் பெரிது. நுளம்பு என்பது ஓரினமன்று. பலநூறு இனங்கள் உள. றொஸ் பூச்சியியல் பயின்றவரல்லர். வீட்டைச் சுற்றி எளிதிற் கிடைத்த சாம்பல் நிற நுளம்பையும், வரி கொண்ட நுளம்பையுமே பிடித்து நோயாளிகளைக் கடிக்க வைத்து அறுத்துப் பார்த்தார். நூற்றுக்கணக்கில் அறுத்தும் பயனில்லை. மலேரியா ஒட்டுண்ணி அந்த நுளம்புகளில் வளர்வதேயில்லை என்பது அவருக்குத் தெரியாது. பூட்டியிருந்த கதவையே அவர் ஈராண்டு காலம் தட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் வாந்திபேதியைக் கட்டுப்படுத்தும் பணிக்காகப் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். 1897இல் ஊட்டிக்கு அண்மையிலுள்ள சிகூர்ப் பள்ளத்தாக்குக்கு மலேரியாவை ஆராயச் சென்று, அங்கே தாமே அந்நோய்க்கு ஆளானார். உடல் தேறியதும் மீண்டும் செக்கந்தராபாத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்த ஆகஸ்ட் மாதத்தை நாம் மனக்கண்ணாற் காண வேண்டும். மழையற்ற கடும் வெக்கை. சிறியதோர் அறை. காற்று வீசினால் அறுத்து வைத்த நுளம்பு பறந்துபோகும் என்பதனால் விசிறியை ஆட்டவும் இயலாது. நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த வியர்வையால் நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்தன. எஞ்சியிருந்த கண்வில்லையும் வெடித்திருந்தது. ஆயினும் அவர் ஒவ்வொரு நுளம்பின் உடலையும் அங்குலம் அங்குலமாக அன்று, அணுவணுவாக ஆராய்ந்தார்.

அப்பொழுது அவருடைய ஆட்கள் புதியதொரு வகைக் குடம்பிகளைக் கொண்டுவந்தனர். அவற்றிலிருந்து வெளிவந்த நுளம்புகள் கபில நிறமும் புள்ளியிட்ட சிறகும் உடையன. அவையே அனோபிலிசு என்று இன்று நாம் அழைக்கும் இனத்தவை. ஆகஸ்ட் 16ஆம் நாள் உசேன் கான் என்னும் மலேரியா நோயாளி அந்த நுளம்புகள் தம்மைக் கடிக்க இசைந்தார். குருதி குடித்த நுளம்பு ஒன்றுக்கு ஓரணா வீதம் அவருக்கு எட்டணா கிடைத்தது. அந்த நுளம்புகளிற் சிலவற்றை அறுத்தார். சில தாமே மடிந்தன. 20ஆம் நாள் எஞ்சியிருந்தவை இரண்டே. அவற்றுள் ஒன்றை எடுத்தார். உடலெங்கும் தேடி முடிந்தது; ஒன்றுமில்லை. வயிற்றின் சுவர் மட்டுமே பாக்கி. சோர்ந்த கண்களோடு அதனையும் நோக்கினார். அங்கே வட்டமான சில கலங்கள். அவற்றுள்ளே சிறு கரிய புள்ளிகள். மலேரியா ஒட்டுண்ணியிற் காணப்படும் அதே கரிய நிறப்பொருள்! மறுநாள் கடைசி நுளம்பை அறுத்தார். அதே கலங்கள் அதிலும் இருந்தன. ஒரு நாளிலே அவை முன்னிலும் பருத்திருந்தன. ஆகவே நுளம்பினுள் அவை வளருகின்றன. மர்மத்தின் திறவுகோல் கைக்கு வந்துவிட்டது. கவியுள்ளம் படைத்த றொஸ் அந்த மகிழ்ச்சியை ஒரு கவிதையாகவே வடித்தார். அந்த ஆகஸ்ட் 20ஆம் நாளே இன்று உலகெங்கும் நுளம்பு தினமாகக் கொள்ளப்படுகின்றது.

கல்கத்தாவிலே பறவைகள் சொன்ன விடை

வெற்றியின் வாயிலில் நின்றவரை அரசாங்கத்தின் கட்டளை இராசபுத்தானத்திலுள்ள கேர்வாரா என்னும் ஒதுக்கிடத்துக்கு அனுப்பியது. அங்கே ஆராய்வதற்கு மலேரியா நோயாளரே அரிது. மனமுடைந்த றொஸ் மான்சனுக்குக் கடிதத்தின் மேற் கடிதம் எழுதினார். மான்சனும் பிறரும் முயன்றதன் பயனாக 1898ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆராய்ச்சிக்கென்றே கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார்.

அங்கே வேறொரு தடை காத்திருந்தது. கொள்ளைநோய் அச்சம் நகரிலே பரவியிருந்த காலம் அது. அதற்குரிய தடுப்பூசியைப் பற்றிய வதந்திகளால் மக்கள் வெகுண்டிருந்தனர். ஒரு துளிக் குருதிக்காக விரலைக் குத்த வருபவரையும் கண்டு ஓடினர். மனிதர் கிடைக்காத நிலையில் றொஸ் பறவைகளை நாடினார். குருவிகளுக்கும் மலேரியா உண்டு. அதன் ஒட்டுண்ணி மனிதரதைப் போன்றதே. அதைச் சுமப்பதோ அவர் முன்பு வீணே அறுத்த சாம்பல் நிற நுளம்பு. தட்டியும் திறவாத அந்தக் கதவு இப்பொழுது தானே திறந்தது.

முகமது பக்ஸ் என்னும் உதவியாளர் இக்காலத்தில் அவருக்கு வலக்கரமாக விளங்கினார். நுளம்பு தேடுவதும், பறவைக் கூண்டுகளைப் பார்ப்பதும், இரவிலே கூண்டினுள் நுளம்புகளை விடுவதும் அவர் வேலை. 1898ஆம் ஆண்டு யூலை மாதத்தில் முழு வட்டமும் தெளிவாயிற்று. நோயுற்ற குருவியின் குருதியைக் குடித்த நுளம்பின் வயிற்றுச் சுவரிலே கட்டிகள் தோன்றுகின்றன. அவை முற்றி வெடித்து, நூல் போன்ற நுண்ணுயிர்கள் எண்ணற்றவையாக வெளிப்படுகின்றன. அவை நுளம்பின் உடலெங்கும் நீந்தி, இறுதியில் உமிழ்நீர்ச் சுரப்பியிற் சென்று குடிபுகுகின்றன. நுளம்பு அடுத்த பறவையைக் கடிக்கும்போது, குருதி உறையாதிருக்க உமிழ்நீரைச் செலுத்துகின்றது. அந்த உமிழ்நீரோடு நோயும் உட்செல்லுகின்றது. நலமாயிருந்த குருவிகளை அத்தகைய நுளம்புகள் கடிக்க விட்டார், அவை நோயுற்றன. நீரும் அன்று, காற்றும் அன்று. கடியே காரணம் என்பது ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. அம்மாதத்திலேயே எடின்பரோவில் நடந்த வைத்தியர் மகாநாட்டில் மான்சன் இச்செய்தியை உலகுக்கு அறிவித்தார்.

அதன்பின் வந்த ஆராய்ச்சிகள் இவ்வட்டத்தை மேலும் நிறைவாக்கியுள்ளன. கடிப்பது பெண் நுளம்பு மாத்திரமே. முட்டை வளர அதற்குக் குருதி வேண்டும். மனித உடலிற் புகுந்த ஒட்டுண்ணி முதலில் ஈரலிலே பெருகுகின்றது என்பது 1948இலேயே தெரியவந்தது. பின்னர் அது செங்குருதிக் கலங்களிற் புகுந்து பெருகி, அவற்றை ஒரேவேளையில் வெடிக்கச் செய்கின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமும் எழுவதன் காரணம் இதுவே.

பரிசும் பிணக்கும்

மனித மலேரியாவும் அனோபிலிசு நுளம்பினாலேயே பரவுகின்றது என்பதை 1898இன் இறுதியில் இத்தாலிய விஞ்ஞானி கிராசியும் அவர்தம் தோழரும் முற்றாக நிறுவினர். இதனால் றொஸுக்கும் கிராசிக்கும் மூண்ட பிணக்கு இருவர் வாழ்நாளிலும் தீரவில்லை. 1902ஆம் ஆண்டுக்குரிய வைத்திய நொபெல் பரிசு றொஸுக்கு மாத்திரமே வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதற் பிரித்தானியர் அவரே. அதன் பின்னரும் அவர் மனம் ஆறவில்லை. தம் குருவாகிய மான்சனோடும் பிற்காலத்திலே பிணங்கினார். தமது கண்டுபிடிப்புக்கு அரசாங்கம் தக்க சன்மானம் அளிக்கவில்லை என்ற குறையும் அவரை விட்டு நீங்கவில்லை.

அறிவு மிக்கோரிடமும் இத்தகைய மனக்கோட்டம் இருந்ததே என்று நாம் வருந்தலாம். ஆனால் இதிலும் ஒரு பாடம் உண்டு. லவெரான் ஒட்டுண்ணியைக் கண்டார். மான்சன் வழி காட்டினார். றொஸ் நுளம்பினுள்ளே அதனைப் பிடித்தார். கிராசி மனிதரளவில் அதை முடித்தார். உசேன் கான் தம் கையைக் கொடுத்தார். முகமது பக்ஸ் தம் இரவுகளைக் கொடுத்தார். குளங்குட்டைகளிலே குடம்பி தேடியோர் பலரின் பெயர் வெளியே தெரியாது. இத்தனை கைகள் சேர்ந்து தூக்கிய தேரை ஒருவர் தமக்கே உரியதென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

கண்டதும் செய்ததும்

றொஸின் உண்மையான பெருமை பரிசு பெற்றதனோடு அவர் நின்றுவிடாமையே. 1899இல் இந்திய சேவையிலிருந்து விலகி, லிவர்பூலிற் புதிதாக நிறுவப்பட்ட வெப்பவலய வைத்தியக் கல்லூரியிலே ஆசிரியரானார். அவ்வாண்டே மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்று, அங்கே மலேரியா பரப்பும் நுளம்புகள் எவையென்று கண்டார். வீதியோரக் குட்டைகளைத் தூர்த்தல், வடிகால் வெட்டுதல், தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் விடுதல் ஆகிய முறைகளை ஊர் ஊராக எடுத்துக் கூறினார். 1902இல் சுயெஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவுக்கு அழைக்கப்பட்டார். அங்கே நுளம்பு ஒழிப்பு வேலை சிறந்த பயன் தந்தது. 1907இல் மொரிசியசுத் தீவுக்குச் சென்று ஆலோசனை வழங்கினார். பனாமாக் கால்வாய் வெட்டியபோது அமெரிக்கர் நுளம்போடு போராடி வென்றதும் இந்த அறிவின் துணை கொண்டே.

இளமையிலே அவர் விரும்பிய கணிதமும் வீண்போகவில்லை. நுளம்பை முற்றாக ஒழிப்பது இயலாத காரியம், ஆகவே முயல்வது வீண் என்று பலர் வாதித்தனர். றொஸ் அதனைக் கணக்காலே மறுத்தார். ஒரு நோயாளியிடமிருந்து புதிதாக நோய் பெறுவோரின் தொகை நுளம்பின் தொகையைப் பொறுத்தது. நுளம்பின் தொகையை ஒரு குறித்த எல்லைக்குக் கீழே இறக்கினாற் போதும். ஒரு நோயாளிக்குப் பதில் ஒரு புதிய நோயாளிகூடத் தோன்றாமல், நோய் தானாகவே தேய்ந்து மறையும். 1910இல் வெளிவந்த மலேரியாத் தடுப்பு என்னும் பொருள் பற்றிய அவர் நூலிலும் பின்னர் எழுதிய கட்டுரைகளிலும் இக்கணக்கை விரித்தார். 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது ஒருவர் எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கின்றார் என்று அறிஞர் கணித்துக் கூறினரன்றோ? அந்தக் கணிப்பு முறைக்கு வித்திட்டோருள் றொஸ் முதன்மையானவர்.

1911இல் அவருக்கு உயர்தர சேர் பட்டம் அளிக்கப்பட்டது. 1926இல் அவர் பெயரால் இலண்டனில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் வைத்தியசாலையும் திறக்கப்பட்டன. 1927இல் கல்கத்தாவில், அவர் ஆராய்ச்சி செய்த இடத்தருகே, அவர் முன்னிலையிலேயே நினைவு வாயில் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. 1932ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் நாள் இலண்டனிலே காலமானார். அவருக்கு வயது எழுபத்தைந்து.

நமது நாட்டிலே

றொஸ் மறைந்து ஈராண்டு கழிந்தது. 1934ஆம் ஆண்டு இலங்கையிலே தென்மேற்பருவ மழை பொய்த்தது. என்றும் வற்றாது ஓடிய ஆறுகள் வற்றி, மணற் படுகையில் ஆங்காங்கே குட்டைகளாக நின்றன. வெயில் படும் தெளிந்த குட்டை நீரே இந்நாட்டின் முதன்மையான மலேரியா நுளம்புக்கு உகந்த தொட்டில். குருநாகல், கேகாலைப் பகுதிகளிலே காய்ச்சல் காட்டுத்தீயாகப் பரவிற்று. வறண்ட பகுதி மக்களைப் போல அந்த ஈரவலய மக்கள் இந்நோய்க்குப் பழகியவரல்லர். அவர்கள் உடலில் எதிர்ப்பு இல்லை. வறுமையும் பட்டினியும் ஏற்கெனவே அவர்களை வாட்டியிருந்தன. அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர். 80,000 பேரளவில் மாண்டனர்.

நுளம்பே காரணம் என்பது 1897இலே தெரியும். கொயினா என்னும் மருந்தோ அதற்கும் முன்பே தெரியும். முப்பத்தேழு ஆண்டுகள் அந்த அறிவு புத்தகத்திலே தூங்கிற்று. வீடுகளுக்கு வந்து சேரவில்லை. இறந்தோரைக் கொன்றது நுளம்பு மாத்திரமா என்று நாம் கேட்க வேண்டும். அறிவு இருந்தும் செயலற்றிருந்தமையும் அன்றோ அவர்களைக் கொன்றது?

பின்னர் 1946 முதல் டி.டி.ரி. மருந்து வீடுகளின் சுவர்களிலே தெளிக்கப்பட்டது. நோய் வெகுவாகக் குறைந்து, 1963இல் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே என்னும் நிலை வந்தது. வென்றுவிட்டோம் என்று எண்ணி மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது, விழிப்பும் தளர்ந்தது. விளைவு யாது? 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பதினேழு என்னும் எண் ஐந்து இலட்சமாக வளர ஆறு ஆண்டுகளே போதுமாயிருந்தன. இதனினும் கொடிய பாடம் வேறு எது வேண்டும்?

மீண்டும் பாடுபட்டனர். போர் நடந்த ஆண்டுகளிலும், காடடர்ந்த கிராமங்களிலும், ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் குருதியைச் சோதித்து மருந்து கொடுத்தனர் சுகாதார ஊழியர். இந்நாட்டிலேயே தொற்றிய கடைசி உள்ளூர் நோயாளி 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் இனங்காணப்பட்டார். 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று பிரகடனஞ் செய்தது. யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாக அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது.

ஆயினும் கதை முடிந்துவிடவில்லை. அந்த 2016இன் இறுதியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிசு ஸ்ரீபென்சி என்னும் நுளம்பு மன்னாரிலே முதன்முதல் காணப்பட்டது. ஆற்றுக் குட்டையை அது நாடுவதில்லை. கிணறும் சீமெந்துத் தொட்டியுமே அதற்குப் போதும். நோயுற்ற பிரயாணி ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தாற் போதும், பழைய வட்டம் மீண்டும் சுழலத் தொடங்கலாம். உலகளவில் 2023இல் மாத்திரம் 26 கோடிப் பேர் மலேரியாவால் நோயுற்று, ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஆபிரிக்கக் குழந்தைகள். 2021இல் அந்நோய்க்குரிய முதற் தடுப்பூசி சிபாரிசு செய்யப்பட்டமை ஆறுதல் தருவதே. எனினும் தடுப்பூசி வந்ததென்று வடிகாலை மறக்கலாகாது.

மலேரியா போன வழியில் டெங்கு வந்துள்ளது. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குவால் நோயுற்றனர். நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த நுளம்புக்குக் காடும் வேண்டாம், ஆறும் வேண்டாம். முற்றத்தில் எறிந்த சிரட்டை, பழைய ரயர், சருகு அடைத்த பீலி, பூச்சாடியின் அடித்தட்டு, மூடாத தண்ணீர்த் தொட்டி ஆகியவையே அதற்கு மாளிகை. முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். ஆகவே வாரம் ஒருமுறை நீர் தேங்கும் இடங்களைத் தேடிக் கவிழ்த்தால் அவ்வட்டம் அறுந்துவிடும். றொஸ் 1883இற் பெங்களூரிலே செய்ததும் இதுவே. அதற்கு நொபெல் பரிசு பெற்ற மூளை வேண்டியதில்லை.

வாலிபர்களே, ஆராய்ச்சிசாலையில் ஒருவர் செய்த தவத்தின் பயன் நமது முற்றம்வரை வந்து நிற்கின்றது. அதனை உள்ளே அழைப்பதும் வாயிலிலே நிறுத்துவதும் நமது கையில் உள்ளன. சங்கங்களாகக் கூடிய இளைஞர், வாரத்தில் ஒரு மணி நேரம், தம் தெருவின் வடிகாலையும், பொதுக் கிணற்றடியையும், பாடசாலை வளவையும், கோயிற் சுற்றாடலையும் துப்புரவாக்க முன்வந்தால் எத்தனை உயிர் காக்கப்படும்! பெரியோர்களே, காய்ச்சல் கண்டவுடன் கைமருந்தோடு நாட்களைப் போக்காது குருதியைச் சோதிக்கச் செய்யுங்கள். வெளிநாடு சென்று வந்தவராயின் அதை வைத்தியரிடம் மறவாது கூறுங்கள்.

வியர்வையாற் துருவேறிய ஒரு நுணுக்குக்காட்டியின் கீழே தெரிந்த கரும்புள்ளிகள், காற்றைப் பழித்துக்கொண்டிருந்த உலகுக்குக் கண் திறந்தன. அந்தக் கண் மீண்டும் மூடாதிருக்கக் காவல் புரிவோமாக.